வலப்பக்கம் தேய்ந்த ஸ்பூன்கள்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் நன்றாக இருக்கிறோம். நீயும் உன் வீட்டுக்காரியும் குழந்தையும் அந்தக் குளிரில் சளி, இருமல் இல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும்.

போனில் சொல்லாமல் எதற்கு மெனக்கெட்டுக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் அண்ணன் வீட்டுப் பேச்சை எடுத்தாலே, "அக்கா, சிக்னல் சரியில்லை" என்று வைத்துவிடுகிறாய். அண்ணன் பேரைச் சொன்னதும் மட்டும் ஓடிப்போகிற சிக்னலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கடிதத்தில் அந்த வேலை நடக்காது. கிழித்துப் போடலாம். ஆனால் என் கையெழுத்தைக் கிழிக்க உனக்கு மனசு வராது, அது எனக்குத் தெரியும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் வெள்ளி ஸ்பூன்கள் கிடைத்துவிட்டன. ஆறும். இப்போது என் தையல் மெஷின் டிராயரில் இருக்கின்றன. நீ உட்கார்ந்துகொண்டு மேலே படி.

நான் பொத்தான் வாங்கப் போகிற பழைய சாமான் கடை உனக்குத் தெரியாது. நீ போன பிறகுதான் அங்கே போக ஆரம்பித்தேன். பழைய கோட்டு, பழைய சட்டையிலிருந்து கழற்றிய பொத்தான்களை அங்கே ஒரு டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள். இந்தக் காலத்துப் பொத்தான் இரண்டு சலவைக்கே உடைகிறது. பழைய பொத்தான் என்றால் சட்டை கிழிந்தாலும் அது உடையாது. பொத்தான் டப்பாவே நம் வீட்டுக் கிளி டப்பா மாதிரிதான் இருக்கும். அதே பச்சைக் கிளி, அதே சிவப்புக் கட்டம். மூடிதான் இல்லை. அந்தக் காலத்தில் எந்த வீட்டில்தான் அந்த பிஸ்கட் டப்பா இல்லை, சொல்.

கடைக்காரம்மா ஒரு தினுசான மனுஷி. எந்தச் சாமானையும் சாமான் பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார். கொண்டுவந்து கொடுத்தவரை வைத்துத்தான் பேர். அழுதுகொண்டே ஒரு பெண் கொடுத்துவிட்டுப் போன ஸ்டூலுக்கு 'அழுமூஞ்சி ஸ்டூல்'. பேசியே கொன்ற ஒருவர் கொடுத்த அலமாரிக்கு 'வாயாடி அலமாரி'. ஒருமுறை நான் ஒரு கண்ணாடியை விலை கேட்டபோது, "அது வேணாம்மா, அது சந்தேகப்புத்திக்காரர் கண்ணாடி, பார்த்தா நம்ம மூஞ்சியே நமக்குப் பிடிக்காது" என்றார். அந்தப் பேச்சுக்காகவே வேண்டாத பொத்தானையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வருவேன்.

போன வாரம் போனபோது அவர் இல்லை. முழங்கால் வலியென்று வைத்தியரிடம் போயிருந்தார். அவருடைய அண்ணன்தான் கல்லாவில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மழையில் கூரை ஒழுகி, கடையின் பின்பக்கத்துச் சாமானெல்லாம் முன்னால் வந்து கிடந்தது. அதில் ஒரு கூடை நிறைய ஓட்டைக் கரண்டி, காம்பு போன சல்லடை, கைப்பிடி ஆடுகிற கத்தி. பொத்தான் டப்பாவை எடுக்கக் குனிந்தவள், கூடைக்குள் ஒரு கழுத்தைப் பார்த்தேன். ஸ்பூனின் கழுத்து. ஒல்லியாக, மேலே போகப் போக விரிந்து, நுனியில் லேசாகப் பின்னால் வளைந்து. கரிக்கட்டை மாதிரிக் கறுத்துக் கிடந்தது. கையில் எடுத்ததும் கனம் சொல்லிவிட்டது. தகரத்துக்கு அந்தக் கனம் வராது.

பையில் எப்போதும் சாக்கட்டி இருக்கும் அல்லவா, துணியில் கோடு போடுகிறது. அதைப் பொடித்து, எச்சில் தொட்டு, பின்பக்கத்தைத் தேய்த்தேன். கறுப்புக்குள்ளிருந்து நாலு குட்டி முத்திரை வரிசையாக எழுந்து வந்தது. ஞாபகம் இருக்கிறதா, நீ அதை 'நாலு எறும்பு' என்பாய். ஒன்று நிற்கிற மிருகம், ஒன்று எழுத்து, ஒன்று தேய்ந்துபோன தலை, கடைசி எறும்பு என்ன என்று அப்பாவுக்கே தெரியாது. முத்திரையை மட்டும் நம்பி நான் துள்ளவில்லை. முலாம் பூசிய ஸ்பூனுக்கும் ஆடம்பரமாக முத்திரை குத்துவார்கள். ஆனால் முலாம் ஸ்பூன் மேசையில் உட்கார்ந்து உட்கார்ந்து, அடிவயிற்றில் முலாம் போய்ச் செம்பு பல்லைக் காட்டும். இதன் அடிவயிற்றைத் தேய்த்தேன். உள்ளேயும் வெள்ளைதான்.

கூடையைக் கிளறி மற்ற ஐந்தையும் பொறுக்கி, தூங்கியவரை எழுப்பி ஓட்டைக் கரண்டி விலையைக் கொடுத்தேன். அப்புறம் பக்கத்து டீக்கடையில் ஒரு டீ வாங்கி, ஒரு ஸ்பூனை அதற்குள் விட்டேன். டீக்கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். விட்ட கையோடு காம்பு சுட்டது. சுரீரென்று. இரும்பும் எவர்சில்வரும் சூடேற நேரமாகும், வெள்ளி பொறுக்காது. விரலை உதறிக்கொண்டு வாயில் வைத்தேன், அந்த நிமிஷம் நான் சின்னப் பெண்ணாக நம் வீட்டுச் சமையலறைத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தேன். சூடான பால், "காம்பைத் தொடாதீங்கடா, சுடும்" என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள் நீ தொட்டுவிட்டு அலறுவாய். தினமும் சொல்வாள், தினமும் நீ தொடுவாய். உன் விரலை அம்மா தன் காதுமடலில் வைத்துக்கொள்வாள், குளிர்ச்சியாக இருக்குமென்று. டீக்கடை வாசலில் நின்று நான் என் காதுமடலைப் பிடித்துக்கொண்டு அழுதேன், தம்பி. டீக்கடைக்காரர் காசு வேண்டாமென்று சொல்லிவிட்டார், பாவம்.

இவ்வளவும் இருந்தும், ஊரில் வேறு யார் வீட்டு வெள்ளி ஸ்பூனாகவும் இருக்கலாமே என்று கேட்பாய். உன் புத்தி எனக்குத் தெரியாதா! நுனியைப் பார்த்தேன். எல்லார் வீட்டு ஸ்பூனும் பாத்திரத்தைச் சுரண்டிச் சுரண்டி நுனியில் இடப்பக்கம்தான் தேயும், வலது கையால் சுரண்டுவதால். இவை ஆறும் வலப்பக்கம் தேய்ந்திருந்தன. பால் பாத்திரத்து அடியை இடது கையால் சுரண்டியவள் நம் தெருவிலேயே ஒருத்திதான். "ஒண்ணையே எடுத்தா மத்ததுக்குப் பொறாமை வரும்" என்று ஆறையும் மாற்றி மாற்றி எடுப்பாள். அதனால் ஆறும் ஒரே அளவு தேய்ந்திருக்கின்றன. இடது கைக் கத்தரிக்கோலை வலது கையால் பிடித்தால் எப்படி முரண்டு பிடிக்கும் என்று தையற்காரிக்குத் தெரியும். இந்த ஸ்பூனும் என் கையில் அப்படித்தான் முரண்டு பிடித்தது. இடது கைக்கு மாற்றினேன். சாதுவாக உட்கார்ந்துகொண்டது.

அப்பா வேலை பார்த்த பெரிய ஹோட்டலை மூடியபோது, வேலைக்காரர்களுக்கு ஆளுக்கு ஏதாவது சாமான் எடுத்துக்கொள்ளச் சொன்னார்களாம். "ஊரெல்லாம் சோபா கொண்டு வந்துச்சு, கட்டில் கொண்டு வந்துச்சு, இவரு சட்டைப் பையில ஸ்பூன் கொண்டு வந்தாரு" என்று அம்மா சாகும்வரை சொல்லிச் சிரித்தாள். அவர் பரிமாறின மேசையில் இருந்த ஸ்பூன், ஒருநாளாவது தன் பிள்ளைகள் வாய்க்குப் போகட்டும் என்று நினைத்திருக்கிறார். அப்பா போன பிறகுதான் அம்மா அவற்றை எடுத்து நீல வெல்வெட் பெட்டியில் வைத்துப் பீரோவில் பூட்டினாள்.

அந்தப் பெட்டியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மா போன பிறகு நீ திறந்தபோது ஆறு பள்ளமும் காலியாக இருந்தது. பீரோ சாவி அண்ணியிடம் இருந்தது. நீ எல்லார் முன்னாலும் அண்ணியைக் கேட்ட கேள்வியும், அண்ணி ஒரு வார்த்தை பேசாமல் தன் துணிப் பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் கவிழ்த்துக் கொட்டியதும், உள்பாவாடை வரைக்கும் தரையில் கிடந்ததும், அண்ணன் உன்னை வெளியே போகச் சொன்னதும் எனக்கு நேற்று நடந்த மாதிரி இருக்கிறது.

அன்றிலிருந்து அண்ணி யார் வீட்டுச் சமையலறைக்குள்ளும் போவதில்லை. இதை உனக்கு நான் சொன்னதே இல்லை. என் வீட்டுக்கு வந்தால்கூடக் கூடத்து நாற்காலியோடு சரி. முன்பெல்லாம் வந்த வேகத்தில் என்னைத் தள்ளிவிட்டு அடுப்பைப் பிடுங்கிக்கொள்வாரே, அந்த அண்ணி. கிளம்பும்போது கைக்குட்டையைத் தேடுகிற மாதிரி கைப்பையை அகலத் திறந்து, உள்ளே இருப்பதெல்லாம் எனக்குத் தெரிகிற மாதிரிப் பிடித்துக்கொண்டு நிற்பார். கைக்குட்டை இடுப்பிலேயே இருக்கும். முதல் தடவை எனக்குப் புரியவில்லை. இரண்டாம் தடவைதான் புரிந்தது.

அவர் பெண்ணுக்கு அடுத்த மாதம் கல்யாணம். உன் தோளில் தூங்கி எழுந்து, உன் சட்டையில் எச்சில் ஒழுக்கிய பெண்தான். அவள் உனக்கு எழுதியதற்கு, "ஸ்பூன் வீடு வந்து சேரட்டும், நானும் வந்து சேர்கிறேன்" என்று பதில் போட்டாயாமே. மாப்பிள்ளை வீட்டார், "சித்தப்பா ஒருத்தர் இருக்காராமே" என்று கேட்டபோது அண்ணி கொடுத்த பதில், "அவருக்கு லீவு கிடைக்கலை". உன்னை விட்டுக்கொடுக்காமல் பேசுகிற அந்த வாயைத்தான் நீ திருட்டு வாய் என்றாய்.

ஸ்பூன் வந்துவிட்டது, ராசா. சொன்ன சொல்லைக் காப்பாற்று. டிக்கெட் போடு.

என்றும் உன் நலம் நாடும்,
அக்கா

பின்குறிப்பு: உன் அத்தானுக்கு நம்பிக்கை வராமல், ஒன்றை எடுத்துக்கொண்டு வெள்ளிப் பட்டறைக்குப் போனார். பட்டறைக்காரர் கையில் வாங்கியதுமே சுத்த வெள்ளி என்றாராம். "நான் அப்பவே நினைச்சேன்" என்று இப்போது வீட்டுக்குள்ளேயே பெருமையடித்துக்கொண்டு திரிகிறார், வெளியே மூச்சுவிடக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

❖

தம்பிக்கு,

உன் பதில் வந்தது. நலம் விசாரிக்க இந்த முறை எனக்குப் பொறுமை இல்லை. குழந்தைக்குப் பல் முளைத்த சேதி மட்டும் சந்தோஷம், அதற்கு என் முத்தம்.

"பார்த்தாயா அக்கா, நான் அன்றைக்கே சொன்னேன். ஸ்பூனுக்குக் கால் முளைத்தா கடைக்குப் போகும்? யார் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்று கேட்டுப் பார், உனக்கே வெளிச்சமாகும்" என்று எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தவள், யாருடைய கால்சட்டைக்கோ சட்டைக் கையை வைத்துத் தைத்துவிட்டேன். எனக்கு அவ்வளவு கோபம். நான் நெய் ஊற்றினால் நெருப்பு அணையும் என்று நினைத்தேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

சரி, கேட்கச் சொன்னாய். கேட்டேன்.

கடைக்காரம்மா முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். முதலில் நான் ஓர் உண்மையைச் சொன்னேன், நீங்கள் இல்லாதபோது ஓட்டைக் கரண்டி விலைக்கு நான் வாங்கிப்போனது வெள்ளி, எங்கள் அம்மாவுடையது என்று. அவர் தலையில் அடித்துக்கொண்டார். "எனக்கு மரம்னா கண்ணு தெரியும், உலோகம்னா குருடிதான்" என்றார். மேலே என்ன தரட்டும் என்று கேட்டேன். "அம்மா சாமான் மக கையிலதான போய்ச் சேர்ந்துச்சு, அதுல போய் என்ன கணக்கு! என் ஜாக்கெட்டுக் கை இறுக்குது, பிரிச்சுத் தச்சுக் குடு போதும்" என்றார். இப்படியும் மனுஷர்கள் இருக்கிறார்கள்.

பிறகு, யார் கொண்டுவந்து கொடுத்தது என்று கேட்டேன். உன்னிடம் மறைப்பானேன், கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் என் பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றேன். நான் அண்ணியைச் சந்தேகப்பட்டதே இல்லை. ஆனாலும், ஒருவேளை அண்ணனோ, அவசரத்துக்கு வேறு யாராவதோ என்று ஏதேதோ ஓடியது. கடைக்காரம்மா யோசிக்கக்கூட இல்லை. "அந்தக் கறுப்புக் கரண்டிங்களா? அது சிடுமூஞ்சி டப்பாவுல வந்தது" என்றார்.

சிடுமூஞ்சி டப்பா எது என்று கேட்டேன். எனக்குப் பின்னால் கையைக் காட்டினார். திரும்பிப் பார்த்தால் பொத்தான் டப்பா. இத்தனை வருஷமாக நான் கையை விட்டு அளைந்த அதே கிளி டப்பா. டப்பா நிறைய துருப்பிடித்த ஆணியும் கொக்கியும் திரைச்சீலை வளையமுமாக வந்ததாம். ஆணி ஆணியோடு போயிற்று, அடியில் பழந்துணியில் சுற்றியிருந்த கறுப்புக் கரண்டிகள் கரண்டிக் கூடைக்குப் போயின, டப்பாவில் பொத்தான் விழுந்தது.

ஊரெல்லாம் கிளி டப்பா இருக்கிறதே என்று எனக்கு அப்போதும் ஒரு நப்பாசை. மூடி இருக்கிறதா என்று கேட்டேன். அது வாயாடி அலமாரி ஆடாமல் இருக்க அதன் காலுக்கு அடியில் இருந்தது. நானும் அவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து அலமாரியைத் தூக்கி மூடியை உருவினோம். தூசியைத் துடைத்துப் பார்த்தேன். கிளிக்குக் கண் இல்லை. கண் இருந்த இடத்தில் ஆணி அடித்த ஓட்டை.

அந்த ஓட்டையை யார் போட்டது என்று உனக்கு நினைவிருக்கும். பொன்வண்டு பிடித்து அடைத்து வைத்திருந்தாய், அது மூச்சுவிட வேண்டுமென்று. "கிளி கண்ணைக் குத்திட்டியேடா படுபாவி" என்று அம்மா விரட்ட, நீ கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ள, அப்பா குனிந்து, "வண்டு உள்ளயா, நீ உள்ளயா?" என்று கேட்டார். வண்டு மறுநாள் பறந்துபோய்விட்டது. டப்பா அம்மாவின் ஆணி டப்பாவாகி அவள் கட்டிலுக்கு அடியிலேயே தங்கிவிட்டது.

அம்மாவின் குணம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பீரோவில் காலிப் பெட்டியைப் பூட்டிவைத்துவிட்டு, தோட்டை உப்பு ஜாடியில் போடுகிறவள் அல்லவா! ஒருமுறை அண்ணன் பல்லில் தோடு கடிபட்டு, ஒரு வாரம் நாமெல்லாம் மெல்லாமல் விழுங்கினோம். "திருடன் பீரோவைத்தான் உடைப்பான். ஆணி டப்பாவை எவன் தூக்குவான்?" என்பாள். பக்கத்து வீட்டில் பூட்டை உடைத்தபோது எவ்வளவு பயந்தாள்! அந்தப் பயத்தில் ஸ்பூன்களை எடுத்துத் துணியில் சுற்றி, ஆணிக்கு அடியில் போட்டிருக்கிறாள். வெள்ளை தெரிந்தால்தானே திருடன் வருவான், கறுக்கட்டும் என்று விட்டிருக்கிறாள். அப்புறம் யாரிடமும் சொல்லவில்லை. யாருக்காவது சொன்னால் அது ஒளித்து வைத்ததாக ஆகாதே! எந்தத் திருடனும் அந்த டப்பாவைத் தொடவில்லை, தம்பி. அம்மா கணக்குத் தப்பவில்லை.

இனி எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் நீ கேட்கச் சொன்னாய்.

சிடுமூஞ்சி என்று ஏன் பேர் வைத்தீர்கள் என்று கேட்டேன். கடைக்காரம்மா சிரித்தார். ஒரு தம்பி, ஆட்டோவில் டப்பாவும் ஓட்டை வாளியும் பழைய மின்விசிறியுமாகக் கொண்டுவந்து இறக்கினாராம். கண்ணெல்லாம் சிவந்து, யாரோ அடித்த மாதிரி முகமாம். விலை பேசலாமா என்றால், "ஒண்ணும் வேணாம், என் கண்ணுல படாம எங்கயாவது போடுங்க" என்று எரிந்து விழுந்தாராம். ஆட்டோ ஏறிய பிறகு இறங்கி வந்து, அந்தக் கிளி டப்பா மேல் ஒரு தரம் கையை வைத்துவிட்டுப் போனாராம். "சிடுமூஞ்சின்னு பேரு வச்சேனே தவிர, அந்தப் புள்ளைக்கு உள்ள ஏதோ பெரிய துக்கம்மா" என்றார்.

அம்மா போன அந்த வாரம், "அம்மா ரூமை நான்தான் ஒழிப்பேன், யாரும் கை வைக்கக் கூடாது" என்று நீ பிடித்த பிடிவாதம் எனக்கு நினைவு இருக்கிறது. அவள் புடவையை மடித்து மடித்து முகத்தில் வைத்துக்கொண்டாய். ஆணி டப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு, "இந்த அம்மா துருப்பிடிச்ச ஆணியைக்கூட விட மாட்டாங்க போல" என்று படியிறங்கினாய். அதற்கு அப்புறம் சில நாள் கழித்துத்தான் வெல்வெட் பெட்டியைத் திறந்தாய்.

வேறு யாரையும் நான் கேட்கத் தேவையில்லை. நீயும் கேட்கத் தேவையில்லை.

உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. உனக்கு அன்றைக்கு அம்மா வேண்டியிருந்தாள், அவள் இல்லை. அவள் பிடித்த ஒரு பொருளாவது கையில் வேண்டியிருந்தது, அதுவும் இல்லை. யார் மேலாவது பாய வேண்டும் போல் இருந்தது. நின்றுகொண்டிருந்தவர் அண்ணி. எனக்குப் புரிகிறது. அண்ணிக்கும் அப்போதே புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன், அதனால்தான் திருப்பி ஒரு சொல் சொல்லவில்லை.

டப்பாவையும் மூடியையும் வாங்கி வந்துவிட்டேன். பொத்தானெல்லாம் கடைக்காரம்மாவின் மடியில் கொட்டிவிட்டு வந்தேன். அண்ணனிடமோ அண்ணியிடமோ இன்னும் நான் வாயைத் திறக்கவில்லை. உன் அத்தானுக்கும் பாதிதான் தெரியும். அவரிடம் முழுதாகச் சொன்னால் அது ரேடியோவில் சொன்ன மாதிரி.

கோபமெல்லாம் எழுதி எழுதித் தீர்ந்துபோன,
அக்கா

❖

என் சுண்டுவுக்கு,

உன் கடிதத்தில் நாலே வரி. அதில் இரண்டு வரி அடித்திருந்தது. எழுதிவிட்டு அடித்தது என்ன என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், தெரியவில்லை. பரவாயில்லை. அழுதாயா என்று நான் கேட்க மாட்டேன்.

"ஸ்பூனை அண்ணிக்கு நீயே கொடுத்துவிடு அக்கா. நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். கல்யாணத்துக்கு நல்ல பரிசாகப் பார்சலில் அனுப்புகிறேன். எந்த முகத்தோடு வருவேன்?" என்று கேட்டிருக்கிறாய். வேறு எந்த முகம் இருக்கிறது உனக்கு? அந்தச் சிடுமூஞ்சியோடுதான் வர வேண்டும். மன்னிப்பைப் பார்சல் கட்டிக் கொடுக்கிற வேலையை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். கூடத்தில் எல்லார் முன்னாலும் கேட்டாய். அதே கூடத்தில், எல்லார் முன்னாலும்தான் சொல்ல வேண்டும்.

நான் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். அண்ணிக்கு ஸ்பூன் கிடைத்த கதை கிடைக்கும். அண்ணன், "சரி, விடு" என்பார். உறவுக்காரர்கள் ஒரு நாள் பேசுவார்கள். நீ சொன்ன சொல் மட்டும் சொன்ன இடத்திலேயே கிடக்கும். அதை எடுக்க உன் கைதான் வேண்டும்.

நேற்று அண்ணி வந்திருந்தார், கல்யாணத்துக்கு ஜாக்கெட் அளவு கொடுக்க. தலை நரைத்துவிட்டது. தோள் அளவு குறைந்திருக்கிறது. பழைய அளவில் வெட்டினால் தொளதொளவென்று நிற்கும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அவர் முழங்கைக்கு எட்டுகிற தூரத்தில் என் மெஷின் டிராயர், அதற்குள் ஆறு ஸ்பூன். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஊசியை உதட்டில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றேன்.

டீ போட்டேன். "அண்ணி, உள்ள வந்து உங்களுக்கு வேணுங்கிற அளவு சர்க்கரை போட்டுக்குங்களேன்" என்று சமையலறையிலிருந்து கூப்பிட்டேன். வேண்டுமென்றேதான் கூப்பிட்டேன். அண்ணி எவ்வளவு சர்க்கரை போடுவார் என்று உனக்குத் தெரியாதா? "டீ குடிக்கிறீங்களா, பாகு குடிக்கிறீங்களா?" என்று நீதான் கேலி செய்வாய். உனக்கு டைபாய்டு வந்து கசப்பு மருந்தைத் துப்பியபோது, அம்மாவுக்குத் தெரியாமல் சர்க்கரையைத் தொட்டு உன் நாக்கில் வைத்ததும் அவர்தான். அதுவும் அந்த வெள்ளி ஸ்பூனால்தான். அந்த மனுஷி கூடத்தில் இருந்தபடியே, "வேணாம்மா, சர்க்கரை இல்லாமலே குடிச்சுப் பழகிட்டேன்" என்றார்.

அவருக்குச் சர்க்கரை வியாதி இல்லை, தம்பி. சர்க்கரை டப்பா சமையலறைக்குள் இருக்கிறது. அவ்வளவுதான்.

கசக்கக் கசக்கக் குடித்து முடித்தார். உன்னைப் பற்றிக் கேட்டார். குழந்தை யார் ஜாடை, அந்தக் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா, இன்னும் சூட்டைத் தொட்டுவிட்டுத்தான் கத்துகிறாயா என்று கேட்டுச் சிரித்தார். பத்திரிகையில் பேர் போடுகிற இடத்தில் உன் பேரையும் போடச் சொல்லியிருக்கிறாராம். "வந்தா வரட்டும், வராட்டியும் பேரு இருக்கட்டும், அது அவர் இடம்" என்றார். பிறகு எழுந்தார். கைப்பையைத் திறந்தார். சீப்பு, மருந்துச் சீட்டு, வீட்டுச் சாவி, மடித்த துணிப்பை. எல்லாம் நன்றாகத் தெரிகிற மாதிரி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, இல்லாத கைக்குட்டையைத் தேடினார். நான் வேறு பக்கம் பார்த்தேன். பார்க்காவிட்டாலும் அவர் காட்டிவிட்டுத்தான் போவார்.

ஸ்பூன்களில் ஒன்றைத்தான் நான் கொஞ்சம் துடைத்தேன், அந்த நாலு எறும்பைப் பார்க்க. மற்றதெல்லாம் அம்மா விட்ட கறுப்போடு இருக்கின்றன. வந்து நீ துடை. சாக்கட்டிப் பொடியும் பழைய வேட்டித் துணியும் கிளி டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறேன். துடைத்து எடுத்துக்கொண்டு அண்ணி வீட்டுச் சமையலறைக்குள் போ. டீ போட்டு, அவருக்குப் பிடித்த மாதிரிப் பாகாகச் சர்க்கரை போட்டு, ஸ்பூனை உள்ளே விட்டு, அவர் கையில் கொடு. என்ன பேசுவது என்று இப்போதே பயப்படாதே. காம்பு சுடும், அண்ணி கையை உதறுவார். அதற்கப்புறம் பேச்சு தானே வரும்.

எனக்கு வேறு எதுவும் வேண்டாம், சுண்டு. ஒரு தரம், ஒரே ஒரு தரம், அவர் தன் கைப்பையை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு, என் வீட்டுப் படி இறங்கிப் போவதை நான் பார்க்க வேண்டும்.

நல்லபடியாக வந்து சேர். அம்மா உன் பக்கத்தில்தான் இருப்பாள்.

வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் அக்கா